ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல், எடை மட்டும் கூடுதல்: குறைத்தால் வாழ்க்கை மாறுமா?

மலர்விழி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 39, உயரம் 158 செ.மீ., எடை 66 கிலோ. பள்ளியில் கணக்கு ஆசிரியை. சமீபத்தில் மாஸ்டர் செக்கப் செய்துகொண்டேன். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், தைராய்டு எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் குறியீட்டு எண்) 26.4 என்று போட்டு, பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் 'உடல் பருமன்' என்று அச்சிட்டிருந்தது. பத்து கிலோ குறைக்கச் சொன்னார் டாக்டர். ஏன் என்று கேட்டதற்கு, குறைத்தால் உங்களுக்கே நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பிற்காலத்தில் நோய் வராமல் தடுப்பது பற்றி நிறையப் படித்துவிட்டேன். நான் கேட்பது இன்றைய வாழ்க்கையைப் பற்றி. தூக்கம், சுறுசுறுப்பு, மனநிலை, வலியில்லாமல் நடமாடுவது, இதெல்லாம். நோய் எதுவும் இல்லாத ஒருவர் எடையைக் குறைத்தால் இவை மேம்படுமா? யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா? டயட் அட்டவணை வேண்டாம், அதற்கு இங்கே வேறு இழைகள் ஏராளமாக இருக்கின்றன.

கொங்குமணி எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சகோதரி? நான் 91 கிலோவிலிருந்து 76-க்கு வந்தேன். குறட்டை நின்றது. முட்டிவலி போயே போச்சு. பழனியில் படி வழியாகவே மலையேறுகிறேன். எடை குறைந்தால் யாருக்கும் வாழ்க்கை மாறும். தொடங்கிவிடுங்கள்.

அளவுகோல் எழுதியது:

மணி அண்ணா, நீங்கள் குறட்டையோடும் முட்டிவலியோடும் இருந்தவர். அவை போனதால் வாழ்க்கை மாறியது. மலர்விழி அக்காவுக்கு அப்படிப் போக வேண்டியது எதுவும் இப்போது இல்லை. அதனால்தான் அவருடைய கேள்வி கடினமானது, எனக்கு மிகவும் பிடித்ததும் கூட. நான் பொதுச் சுகாதார ஆய்வுகளில் வேலை பார்ப்பவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பல வினாத்தாள்கள் உண்டு. அதிகம் புழங்குவது எஸ்எஃப்-36. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது, 1992-ல் வெளியானது. 36 கேள்விகள். ஒரு மாடி ஏற முடிகிறதா, பல மாடி ஏற முடிகிறதா, குனிந்து மண்டியிட முடிகிறதா, கடையில் வாங்கிய சாமானைத் தூக்கி வர முடிகிறதா, வலி வேலையைக் கெடுக்கிறதா, எவ்வளவு நேரம் களைப்பாக உணர்ந்தீர்கள், எவ்வளவு நேரம் மனம் அமைதியாக இருந்தது என்று போகும். எட்டுப் பிரிவுகளாக 0 முதல் 100 வரை மதிப்பெண். கடைசியில் உடலுக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று என்று இரண்டு தொகுப்பு எண்கள் கிடைக்கும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் 2013-ல், இந்த வினாத்தாளைப் பயன்படுத்திய எட்டு ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 43,000-க்கும் அதிகமானோர். உடல் சார்ந்த மதிப்பெண் எடை ஏற ஏறப் படிப்படியாக இறங்கியது. கொஞ்சம் கூடுதல் எடை உள்ளவர்களிடமே அந்த இறக்கம் தெரிந்தது. மனம் சார்ந்த மதிப்பெண்ணில் கதையே வேறு. பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டியவர்களிடம்தான் அது உறுதியாகக் குறைந்திருந்தது. 25-க்கும் 30-க்கும் இடையில் இருந்தவர்களின் மனநல மதிப்பெண், சரியான எடை என்று நாம் சொல்கிறவர்களை விடச் சற்று அதிகமாகவே இருந்தது.

ஆகவே குண்டாக இருப்பவர் மனதுக்குள் வாடிக்கொண்டிருப்பார் என்று நாமாக முடிவு கட்டுவது தவறு. பலர் நன்றாகவே இருக்கிறார்கள். அவர்களை வாட்டுவது பெரும்பாலும் மற்றவர்களின் பேச்சு.

காவிரிக்கரை எழுதியது:

அந்தப் பேச்சு குண்டானவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நான் 174 செ.மீ., 51 கிலோ. "வீட்டில் சோறு போடுவதில்லையா", "காத்தடிச்சா பறந்துடுவ போல" என்று கல்யாண வீட்டில், ஆபீஸில், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் கூடச் சொல்வார்கள். குண்டாக இருப்பவரிடம் அப்படிப் பேசினால் தப்பு என்றாவது சிலருக்கு இப்போது உறைக்கிறது. ஒல்லியாக இருப்பவரிடம் பேசினால் அது அக்கறையாம். பெண் பார்க்கப் போன இடத்தில் பையனுக்கு ஏதாவது வியாதியா என்று என் அம்மாவிடமே கேட்டார்கள்.

காசநோய், தைராய்டு, சர்க்கரை எல்லாம் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை. ஆனால் கேஸ் சிலிண்டரை நகர்த்தினாலே களைத்துப்போகிறேன். என் எடையும் என் வாழ்க்கைத் தரமும் தொடர்புடையவைதான். எல்லாரும் பேசுவது ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும்.

இயன்முறை எழுதியது:

காவிரிக்கரை தம்பி, உங்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. சிலிண்டர் நகர்த்தினால் களைப்பது எடை குறைவதால் என்பதை விடத் தசை குறைவதால் என்றுதான் நான் பார்ப்பேன். பி.எம்.ஐ. 17-க்குக் கீழே இருக்கிறது, அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் நெய்யும் இனிப்புமாகச் சாப்பிட்டு எடையை மட்டும் ஏற்றினால் வயிறுதான் முன்னால் வரும். பருப்பு, முட்டை, மீன், பால் என்று புரதத்தைக் கூட்டுங்கள், வாரத்தில் சில நாள் எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

மூட்டு பற்றி: 2005-ல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தினர், முட்டித் தேய்மானம் உள்ள, எடை கூடிய முதியவர்களை நடக்கவிட்டு அளந்தார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைந்தது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி நடக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மணி அண்ணாவின் முட்டிவலி போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வலி இல்லாத முட்டிக்கு இதே கணக்கைப் போட்டு 'இன்றே நன்றாக உணர்வீர்கள்' என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் வருகிறவர்களில் 50 கிலோ எடையுள்ள பெண்கள் தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாமல் தவிக்கிறார்கள். 70 கிலோ பெண்கள் சிலர் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே எழுந்து போகிறார்கள். எடை மெஷின் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

நித்யா எழுதியது:

எடை குறைத்தால் நல்லது என்று எல்லாரும் சொல்கிறீர்களே, எப்படிக் குறைத்தால் என்று யாரும் கேட்கவில்லையே. கல்யாணத்துக்கு முன்னால் சில மாதங்களில் 61-லிருந்து 49-க்கு இறங்கினேன். காலையில் ஜூஸ், மதியம் ஒரு சப்பாத்தி, ராத்திரி வெள்ளரிக்காய். கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. மாதவிடாய் நின்றது. சித்திரை மாதத்தில் போர்வை கேட்டேன். அம்மாவிடம் எரிந்து எரிந்து விழுந்தேன். நாள் முழுக்கச் சாப்பாட்டு வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில்தான் ஊரே என்னைப் பாராட்டியது. "இளைச்சு அழகா ஆயிட்ட" என்று. இப்போது 57. மூளை வேலை செய்கிறது, சிரிக்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

நித்யா, நீங்கள் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது.

கோடையிலும் அவர்களுக்குக் குளிரெடுத்தது. எதற்கும் எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, காமம் அற்றுப்போனது. உட்கார்ந்தால் எலும்பு குத்தியது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். யாரும் பலவீனமான மனம் கொண்டவர்கள் அல்லர். பட்டினி அவர்களை அப்படி ஆக்கியது. நீங்கள் அம்மாவிடம் எரிந்து விழுந்ததற்கும் உங்கள் குணம் காரணமில்லை. இதே கீஸ்தான் 1972-ல் பி.எம்.ஐ. என்ற பெயரையும் சூட்டியவர். சூத்திரம் அதற்கு நூறு வருடத்துக்கும் முந்தையது, பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்டலே என்ற வானியலாளர் தந்தது. மக்கள் கூட்டத்தின் சராசரியைக் கண்டுபிடிக்க வந்த கணக்கு அது.

இனி மலர்விழி அக்காவின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். ஆராய்ச்சி இருக்கிறது. கேலரி (CALERIE) என்று பெயர். அமெரிக்காவில் பேட்டன் ரூஜ், பாஸ்டன், செயின்ட் லூயிஸ் ஆகிய மூன்று ஊர்களில் நடந்தது. 220 பேர், யாருக்கும் நோயில்லை, பி.எம்.ஐ. 22-லிருந்து 28 வரை. அக்கா, உங்கள் எண் அதற்குள் வருகிறது. குலுக்கல் முறையில் பிரித்து, மூன்றில் இரண்டு பங்கினரை இரண்டு வருடம் வழக்கமான உணவில் கால்வாசி குறைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். நடைமுறையில் குறைத்தவர்களால் சராசரியாக 12 சதவீதம் அளவுக்குத்தான் குறைக்க முடிந்தது. எடை ஏழரைக் கிலோ அளவுக்கு இறங்கியது.

வாழ்க்கைத் தர முடிவுகள் 2016-ல் வந்தன. குறைத்தவர்களுக்கு மனநிலை மேம்பட்டது, பதற்றம் குறைந்தது, பொதுவான உடல்நல மதிப்பெண் கூடியது, தாம்பத்திய ஈடுபாடு கூடியது. முதல் வருட முடிவில் தூக்க நேரமும் மேம்பட்டிருந்தது. நோயில்லாதவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் நித்யா சொன்னதுபோல ஆகிவிடுவார்களோ என்ற பயம் விஞ்ஞானிகளுக்கே இருந்தது. அப்படி ஆகவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே பட்டினி தொடங்கிவிடக் கூடாது. அவர்களுக்கு இரண்டு வருடமும் உணவு நிபுணர்களும் உளவியலாளர்களும் கூடவே இருந்தார்கள். சத்து மாத்திரைகள் கொடுத்தார்கள். அவ்வளவு கவனித்தும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைந்தது. 39 வயதுப் பெண் அதை யோசிக்க வேண்டும்.

கொங்குமணி எழுதியது:

ஆக நான் சொன்னதுதானே சரி? குறைத்தவர்கள் எல்லா விஷயத்திலும் முன்னேறியிருக்கிறார்கள்.

அளவுகோல் எழுதியது:

எல்லா விஷயத்திலும் இல்லை அண்ணா, அளந்தவற்றில் சிலவற்றில். நன்றாக இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நன்றாக ஆனார்கள். மறுபக்கமும் சொல்கிறேன். லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்தில் எடை கூடிய 1,979 பேரை நான்கு வருடம் பின்தொடர்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஆனால் எடை மாறாதவர்களை விட அவர்களிடம் மனச்சோர்வு அதிகமாக இருந்தது.

கொங்குமணி எழுதியது:

மனச்சோர்வு வந்ததால் சாப்பிடாமல் இளைத்திருக்கலாமே? வேலை போனது, வீட்டில் இழவு, ஏதாவது இருந்திருக்கும்.

அளவுகோல் எழுதியது:

மிகச் சரியான கேள்வி. பின்தொடர்ந்து மட்டும் பார்க்கும் ஆய்வில் எது முன், எது பின் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நோயையும் வாழ்க்கைச் சம்பவங்களையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு இருந்தது என்பது வரைக்கும்தான் அவர்களும் சொன்னார்கள். நான் சொல்ல வருவது, பத்து கிலோ இறங்கிய நாளில் சந்தோஷம் தானாக வந்து உட்காரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான்.

வெள்ளுடை எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன். சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், ஒரு மாற்றுக் கருத்து. இன்றைய வாழ்க்கை, நாளைய நோய் என்று மலர்விழி மேடம் பிரித்துக் கேட்கிறார். எங்கள் வார்டில் அந்தப் பிரிவு நிற்காது. நேற்று வரை நார்மல் என்றவர்கள்தான் இன்று கால் எரிச்சலோடு வந்து உட்காருகிறார்கள்.

நம் உடம்பு வாகும் வேறு. 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்களையே அளந்து காட்டினார்கள். புனேயின் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்த்தால் இருவரும் ஒல்லிதான். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில், பி.எம்.ஐ. படி பருமன் உள்ளவர்கள் நாட்டில் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். எடையை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள் மேடம். இடுப்பு எவ்வளவு? பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 செ.மீ. நமக்கான வரம்பு.

மலர்விழி எழுதியது:

அளந்தேன் சிஸ்டர், 86. எதிர்பார்க்கவில்லை.

எல்லாருக்கும் நன்றி. கேலரி பற்றிப் படித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. 'பருமன்' என்று சிவப்பில் அடித்த அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதற்கு முன்னால் எனக்கு அப்படி இருந்ததே இல்லை. நோயும் இல்லை, வலியும் இல்லை, ஒரு சொல் மட்டும்தான் புதிதாக வந்தது.

வெள்ளுடை எழுதியது:

அந்தக் கூச்சத்தைக் கொடுத்தது மருத்துவத்துறையின் தவறு, அதற்காக வருந்துகிறேன். 2025 ஜனவரியில் வந்த இரண்டு அறிக்கைகளைச் சொல்கிறேன், மனதுக்குத் தெம்பாக இருக்கும். லான்செட் ஆணையம் பி.எம்.ஐ. மட்டும் பார்த்துப் பருமன் என்று முடிவு கட்டக் கூடாது என்றது. உறுப்புகளுக்குப் பாதிப்போ அன்றாட நடமாட்டத்துக்குத் தடையோ இருந்தால்தான் அதை நோயாகக் கருத வேண்டும், இல்லையென்றால் எச்சரிக்கை நிலை என்றது. அதே மாதம் இந்திய மருத்துவர்கள் திருத்திய வழிகாட்டியும் இப்படித்தான் இரண்டு நிலையாகப் பிரிக்கிறது. நீங்கள் முதல் நிலை. இடுப்பு 86 என்பதால் கவனம் வேண்டும், கூச்சம் வேண்டவே வேண்டாம்.

அளவுகோல் எழுதியது:

அக்கா, எடை குறைக்கத் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தர வினாத்தாள் இருக்கிறது, சுருக்க வடிவில் 26 கேள்விகள். உருவாக்கும்போதே பதினைந்து நகரங்களில் மக்களோடு பேசி எழுதினார்கள், அதில் சென்னையும் ஒன்று. தமிழ் வடிவமும் உண்டு. நிரப்பித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எது குறைவாக இருக்கிறது என்று பாருங்கள்.

மலர்விழி எழுதியது:

நிரப்பினேன். உடல் தோற்றத்தை ஏற்கிறீர்களா என்ற கேள்வியில் குறைவாகப் போடுவேன் என்று நினைத்தேன், நடுவில்தான் வந்தது. நடமாட்டம் நன்று. மிகக் குறைவாக விழுந்தவை இரண்டு: தூக்கம், பொழுதுபோக்குக்கு நேரம். காலையில் நாலரைக்கு எழுந்து சமையல், பள்ளி, பிறகு பேப்பர் திருத்துவது. படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். இது எடையோடு சம்பந்தப்பட்டதா என்ன?

வெள்ளுடை எழுதியது:

நிச்சயம் சம்பந்தப்பட்டது. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் பசி கூடும், இனிப்புக்கு மனம் போகும். சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடிய, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிற 80 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குத் தூக்கத்தைக் கூட்ட மட்டும் ஆலோசனை கொடுத்தார்கள், சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள், தாங்களாகவே நாளொன்றுக்கு 270 கலோரி அளவுக்குக் குறைவாகச் சாப்பிட்டார்கள். உங்களுக்கு டயட்டை விட முதலில் இதைத்தான் சொல்வேன்.

இயன்முறை எழுதியது:

நானும் அதையே சொல்கிறேன். தூக்கம் ஆறரை, ஏழு மணி நேரத்துக்கு வந்த பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள். கை நாற்காலியில் படாமல் முப்பது விநாடியில் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அந்த எண் ஏறுகிறதா, இடுப்பு இறங்குகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். எடை மெஷின் பக்கம் மூன்று மாதம் போக வேண்டாம்.

கொங்குமணி எழுதியது:

மெஷினில் ஏறாமல் எப்படி? எனக்கு அந்த எண்தான் தினமும் உற்சாகம் தந்தது. ஆளுக்கு ஆள் மாறும் போல. சரி, சகோதரி, காலைச் சமையலை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ள முடியாதா?

மலர்விழி எழுதியது:

அதைத்தான் நேற்று ராத்திரி பேசினோம் அண்ணா. வாரத்தில் மூன்று நாள் அவர் இட்லி ஊற்றிச் சட்னி அரைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பையன் மதியத்துக்குக் காய் நறுக்கி வைப்பான். அந்த மூன்று நாளும் ஆறு மணி வரை தூங்கப் போகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வினாத்தாளை மறுபடி நிரப்பி இதே இழையில் போடுகிறேன்.